என்.எஸ்.எஸ்.ஸில் பிள்ளையைச் சேர்க்கலாமா?

கல்லூரிகளில் நடக்கும் என்.எஸ்.எஸ். என்கிற நாட்டு நலப்பணித் திட்டத்துக்கு ஐந்துக்கு நாலு மதிப்பெண் தருவேன். அந்த ஒன்றைக் குறைத்ததற்குக் காரணம் பிறகு சொல்கிறேன்.

கலைக் கல்லூரிக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மே, ஜூன் வந்தால் கடையில் நிற்க இடமிருக்காது. பி.எட்., பேங்க் எக்ஸாம், டேலி, குரூப் 4 என்று ஒரே பிள்ளை நாலு விண்ணப்பத்துக்கும் சான்றிதழ் நகல் எடுக்கும். "இதுல உனக்கு எதும்மா பிடிக்கும்?" என்று கேட்டால், "எது கிடைக்குதோ அதுக்கா" என்று பதில் வரும். பி.காம். படிக்கும் என் மகளும் அப்படித்தான் இருந்தாள். ஆளுமைப் பயிற்சி என்று ஒரு வகுப்புக்குப் பணம் கட்டி அனுப்பினோம். மேடையில் நிற்கவும் இன்டர்வியூவில் பேசவும் சொல்லித் தந்தார்கள். எந்த வேலைக்கான இன்டர்வியூ என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை.

நாட்டு நலப்பணித் திட்டம் புதிதல்ல. காந்தி நூற்றாண்டான 1969-ல், செப்டம்பர் 24-ம் தேதி, 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. இரண்டு ஆண்டில் 240 மணி நேரப் பணி, அதோடு ஒரு கிராமத்தில் ஏழு நாள் முகாம். மரம் நடுவது, குளம் துப்புரவு செய்வது, ரத்ததானம் எல்லாம் உண்டு. நல்ல வேலைகள்தான், எல்லோருக்கும் தெரிந்தவையும்கூட. நான் எழுத வந்தது முகாமைப் பற்றி.

என் மகள் இதில் சேர்ந்திருந்தாள். பெண் பிள்ளையை வெளியூரில் தங்க விடுவதா என்று அவள் அப்பா தயங்கினார். அதனால் முகாம் நடந்த ஊருக்கு நானே போய்ப் பார்த்தேன். அரசுப் பள்ளியில் தங்கல். பெண்களுக்குத் தனி வகுப்பறை, கூடவே ஒரு பேராசிரியை. கழிப்பறையில் தண்ணீர் வந்தது, கதவுக்குத் தாழ்ப்பாள் இருந்தது. பெற்றவளுக்கு முதலில் அதுதானே கண்ணில் படும்.

நான் போன அன்று பொது மருத்துவ முகாம். என் மகளுக்குப் பெயர் பதியும் மேசை. முதுகு கூனிய ஒரு பாட்டி ஆதார் அட்டையை நீட்டினார். பிறந்த தேதி ஜனவரி 1. கணக்குப் போட்டால் வயது 54. அவருடைய மூத்த மகனுக்கே ஐம்பது தாண்டிவிட்டது. யாரோ குத்துமதிப்பாகப் போட்ட தேதி அது. அறுபது ஆகவில்லை என்று முதியோர் உதவித்தொகை மனு திரும்பி வந்துவிட்டதாம். தேதியைத் திருத்தச் சான்று கேட்கிறார்கள். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவரிடம் என்ன சான்று இருக்கும்?

என் மகள் நோட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "பாட்டி, உங்களுக்குக் கல்யாணம் எப்ப ஆச்சு? மூத்தவர் எந்த வருஷம் பொறந்தாரு?" என்று கேட்டுத் தனித்தாளில் எழுத ஆரம்பித்தாள். வரிசையில் பின்னால் நின்றவர்கள், "எனக்கும் பாரு தாயி" என்று பையிலிருந்து அட்டைகளை எடுத்தார்கள். மறுநாள், கல்லூரியில் இத்திட்டத்தைப் பொறுப்பேற்று நடத்தும் ஆசிரியரான திட்ட அலுவலரிடம் சொல்லிவிட்டு, அவளும் தோழிகளும் வீடு வீடாகப் போய் இதே சிக்கல் யார் யாருக்கு என்று பட்டியல் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் கொடுத்தார்கள். பாட்டிக்கு இன்னும் பணம் வரவில்லை. இவள் போன் போட்டு விசாரித்தபடி இருக்கிறாள்.

முகாம் முடிந்து வந்ததும், "இந்த மாதிரி வேலையையே பார்க்கணும்னா என்னம்மா படிக்கணும்?" என்று கேட்டாள். எம்.எஸ்.டபிள்யூ. என்று சமூகப்பணிக்கான ஒரு முதுகலைப் படிப்பு இருப்பதும், பி.காம். முடித்தவர்கள் அதில் சேரலாம் என்பதும், சென்னையில் 1952 முதலே அதற்கென்று ஒரு கல்லூரி நடப்பதும், மருத்துவமனைகளில் சமூகப்பணியாளர் வேலை இருப்பதும் அவளுடைய திட்ட அலுவலர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இத்தனை விண்ணப்பங்கள் என் கையால் நகலாகிப் போயிருக்கின்றன. இந்தப் படிப்பு கண்ணில் பட்டதேயில்லை. வழிகாட்டும் கூட்டங்களுக்கு அவளும் போனவள்தான். ஆனால் ஒரு மேசையில் உட்கார வைத்து, வந்தவர்களுக்கு அவளே பதில் சொல்லும்படி விட்டதுதான் அவளை அசைத்தது.

இனி அந்த ஒரு மதிப்பெண். எல்லாக் கல்லூரியிலும் இப்படி நடப்பதில்லை. ஒருவர் எழுதிய பணிக் குறிப்பேட்டைப் பத்துப் பேர் என் கடையில் நகல் எடுத்து, பார்த்து எழுதிக்கொண்டு போவதைக் கண்ணால் பார்க்கிறேன். அவர்களுக்கும் சான்றிதழ் வரும். ஒரு யூனிட்டில் ஏறக்குறைய நூறு பேர், அவர்களுக்கு ஒரே திட்ட அலுவலர். அவரும் வகுப்பெடுத்து, விடைத்தாள் திருத்தி, மிச்ச நேரத்தில் இதைப் பார்ப்பவர். மனம் வைத்துச் செய்பவர் வாய்த்தால் பிள்ளைகள் பிழைத்தார்கள். இவர்களுடைய பாடவேளையை அரசு குறைத்துக் கொடுத்தால் எவ்வளவோ மாறும்.

சேர்ப்பதற்கு முன்னால் சீனியர்களிடம் விசாரியுங்கள். முகாமில் உண்மையிலேயே தங்குகிறார்களா, பேனர் பிடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டு சாயங்காலமே திரும்பிவிடுகிறார்களா? போன வருஷம் போன ஊருக்கே மறுபடி போகிறார்களா? போகிறார்கள் என்றால் யோசிக்காமல் சேர்த்துவிடுங்கள். பாதியில் நிற்கிற மனுக்களை யாராவது போய்க் கேட்க வேண்டியிருக்கிறது.