புதிதாக சைக்கிள் ஓட்டுபவர் எதற்குப் பணம் போட வேண்டும், எதைத் தள்ளிப்போடலாம்?

சைக்கிள் வாங்கிய கையோடு ஜெர்சி, கூலிங் கிளாஸ், ஸ்பீடோமீட்டர் என்று மனசு ஓடும். ஆனால் ஆரம்பத்தில் ஆளைச் சோர்ந்துபோக வைப்பவை வேறு: அடிக்கடி பஞ்சர், உட்கார முடியாத வலி, கரகரவென்று சத்தம் போடும் செயின். பணம் முதலில் இவற்றுக்குத்தான் போக வேண்டும்.

ஹெல்மெட்: குறைந்த விலையா, கூடிய விலையா?

உள்பக்கம் ஈ.என். 1078 (ஐரோப்பியத் தரம்) அல்லது சி.பி.எஸ்.சி. (அமெரிக்கத் தரம்) முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், மலிவான ஹெல்மெட்டும் அந்தத் தரத்தின் அடிச் சோதனைக்கு உட்பட்டதுதான். கூடுதல் விலை பெரும்பாலும் எடைக் குறைவுக்கும் காற்றோட்டத்துக்கும் போகிறது. விலையைவிட அளவு முக்கியம். முன் விளிம்பு புருவத்துக்கு இரண்டு விரல் மேலே இருக்க வேண்டும். வார்கள் காதுமடலுக்குக் கீழே சேர வேண்டும். தாடைக்கும் வாருக்கும் நடுவே ஒரு விரல் நுழைந்தால் போதும். வாரை மாட்டாமல் தலையை ஆட்டினாலும் சரியக் கூடாது. பிறர் போட்ட பழைய ஹெல்மெட் வேண்டவே வேண்டாம். உள்ளே இருக்கும் நுரை நசுங்கித்தான் அடியை வாங்கிக்கொள்கிறது. ஒருமுறை நசுங்கியது மறுமுறை காப்பாற்றாது, நசுங்கியது வெளியே தெரியவும் தெரியாது.

காற்று: தரை பம்ப், கை பம்ப், கார்பன் டை ஆக்சைடு குப்பி

பலர் சிக்கனம் பார்க்கக் கூடாத இடத்தில் சிக்கனம் பார்ப்பது இங்கேதான். சும்மா நிறுத்தி வைத்தாலும் ட்யூபிலிருந்து வாரத்துக்குச் சில பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) இறங்கும். காற்று குறைந்த டயர் குழியில் விழும்போது, ட்யூப் ரிம்முக்கும் டயருக்கும் இடையே நசுங்கி, அருகருகே இரண்டு ஓட்டை விழுகிறது. இதைத்தான் பாம்புக்கடி பஞ்சர் என்கிறோம். முள்ளே குத்தாமல் பஞ்சர் ஆவதற்கு இதுதான் முக்கியக் காரணம். விரலால் அமுக்கிப் பார்த்து இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். ஒல்லி டயரில் 50-ம் 70-ம் கைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும்.

அதனால் அளவுமானி வைத்த தரை பம்ப்தான் முதல் செலவு. டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் பெரிய எண் உச்ச வரம்பு. அதுவரை நிரப்ப வேண்டியதில்லை. சுமார் 70 கிலோ எடையுள்ளவர் 28 மி.மீ. அகல டயரை 70 பி.எஸ்.ஐ. அளவிலும், 2 அங்குல மலை சைக்கிள் டயரை 30 முதல் 35 வரையிலும் வைத்துத் தொடங்கி, ஓட்டிப் பார்த்துக் கூட்டிக் குறைக்கலாம்.

வழியில் எடுத்துச் செல்லக் கை பம்ப். சின்ன ஹோஸ் உள்ளதாகப் பாருங்கள். நேரே வால்வில் மாட்டுவது அடிக்க அடிக்க ஆடி, வால்வின் அடியில் ட்யூபைக் கிழித்துவிடும். 16 கிராம் குப்பி சில நொடியில் டயரை நிரப்பும், உண்மைதான். ஆனால் வால்வில் சரியாக உட்காராவிட்டால் அத்தனையும் காற்றோடு போச்சு, இரண்டாம் வாய்ப்பு கிடையாது. அந்த வாயு ட்யூப் வழியே சீக்கிரம் கசிவதால், வீடு திரும்பியதும் சாதாரணக் காற்று பிடிக்க வேண்டும். புதியவருக்குக் கை பம்ப்பே நல்லது.

கூடவே ஒரு மாற்று ட்யூப், டயரை ரிம்மிலிருந்து நெம்பி எடுக்க இரண்டு டயர் லீவர். புது ட்யூபைப் போடும் முன் டயரின் உட்புறம் முழுக்க ஒரு துணியை ஓட்டுங்கள். முள் இருந்தால் துணி சிக்கும். இதைச் செய்யாததால்தான் புது ட்யூபும் கொஞ்ச தூரத்திலேயே போகிறது. ஒட்டுப் போடுவதை வீட்டில் வைத்துக்கொள்ளலாம். ஸ்டிக்கர் பேட்ச் வீடு சேர உதவும். நிலைப்பது சொல்யூஷன் தடவும் பேட்ச்தான். உப்புத்தாளால் தேய்த்து, பேட்ச்சைவிட அகலமாக மெல்லிசாகத் தடவி, ஈரப் பளபளப்பு போகும்வரை ஐந்து நிமிடம் காத்திருங்கள். ஈரத்தோடு ஒட்டினால் பிய்ந்துவிடும்.

உட்காரும் வலி: ஜெல் உறையா, பேட் வைத்த ஷார்ட்ஸா?

காசு போடும் முன் சீட் உயரத்தைச் சரிசெய்யுங்கள். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் முழங்கால் நேராக வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதித்தால் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். மிதிக்கும்போது இடுப்பு இருபக்கமும் ஆடினால் சீட் உயரம் அதிகம்.

ஜெல் உறை கையால் அமுக்கினால் சுகமாக இருக்கும். அரை மணி ஓட்டினால் கதை மாறும்: இடுப்பெலும்பு அதில் புதைய, நடுவில் ஜெல் மேலெழும்பி நரம்புள்ள மென்மையான இடத்தை அழுத்தும். மரத்துப்போவது அதனால்தான். பேட் ஷார்ட்ஸ் உடம்போடு சேர்ந்து நகர்கிறது, உராய்வைக் குறைக்கிறது. உள்ளாடை இல்லாமல் போட வேண்டும், இல்லாவிட்டால் தையல் தேய்த்துப் புண்ணாகும். ஒவ்வொரு முறையும் துவைக்க வேண்டும். நம் தேர்வு சந்தேகமில்லாமல் இதுதான். அதற்குப் பிறகும் வலித்தால் மட்டும் வேறு அகலத்தில் சீட் தேடலாம்.

செயினுக்கு: ஸ்ப்ரேயா, செயின் ஆயிலா?

துரு நீக்கும் மெல்லிய ஸ்ப்ரே இருக்கிற எண்ணெயையும் கரைத்துவிட்டு ஆவியாகிவிடும். என்ஜின் ஆயில் தூசியைப் பிடித்துக் கருப்புப் பசையாகிப் பல்சக்கரத்தை அரிக்கும். சைக்கிள் செயின் ஆயில் சின்ன பாட்டில் மாதக்கணக்கில் வரும். ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு விட்டு, பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, சிறிது நேரம் கழித்து வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் வேலை செய்வது உருளைக்குள்ளேதான். வெளியே தங்குவது அழுக்கைத்தான் சேர்க்கும்.

பூட்டும் விளக்கும்

கேபிள் பூட்டைச் சின்ன கட்டர் வெட்டிவிடும். யூ பூட்டு வாங்கி, சைக்கிளின் சட்டத்தையும் (ஃபிரேம்) பின்சக்கரத்தையும் சேர்த்து அசையாத கம்பத்தில் பூட்டுங்கள். தெருவிளக்குள்ள சாலைக்கு 200 லூமென் (ஒளி அளவு) முன்விளக்கு போதும். இருட்டுச் சாலைக்கு 400-க்கு மேல் வேண்டும். பின்னால் சிவப்பு விளக்கு எப்படியும் வேண்டும்.

பெடல்: தட்டையா, கிளிப்பா?

ஷூவைப் பூட்டிப் பிடித்துக்கொள்ளும் கிளிப் பெடலும் அதற்கான ஷூவும் பெரிய செலவு, அவசரமே இல்லை. நிற்கும்போது காலை விடுவிக்க மறந்து அப்படியே பக்கவாட்டில் சாய்வது ஆரம்பத்தில் சகஜம். சிறு முட்கள் உள்ள தட்டைப் பெடலும் அடிப்பாகம் விறைப்பான சாதாரண ஷூவும் நீண்ட நாள் போதும். பிறகு மாறுவதானால், இரண்டு திருகு கிளிட் (ஷூவின் அடியில் பொருத்தி பெடலில் மாட்டும் துண்டு) எடுங்கள். அது ஷூவின் அடியில் உள்ளடங்கி இருப்பதால் நடக்க முடியும். பெடலின் இறுக்கத் திருகை மிகத் தளர்வாக வைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை வெளிப்புறம் திருப்பி விடுவிக்கப் பழகிய பிறகே சாலைக்குப் போங்கள்.