ஃபொந்தேன்ப்ளோவா, கொம்பியேனா? பாரிஸ் பக்கம் காடும் வரலாறும் சேர்த்து நடக்க

பாரிஸிலிருந்து காலையில் கிளம்பி, காட்டில் நன்றாக நடந்து, ஒரு அரண்மனையையும் பார்த்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்ப வேண்டுமென்றால் இரண்டு ஊர்கள் உடனே நினைவுக்கு வரும். தெற்கே ஃபொந்தேன்ப்ளோ, வடக்கே கொம்பியேன். இரண்டிலும் மன்னர்கள் வேட்டையாடிய காடு உண்டு, அரண்மனை உண்டு, நெப்போலியனின் தடமும் உண்டு. அதனால் எதற்குப் போனாலும் ஒன்றுதான் என்று பலர் நினைக்கிறார்கள். நடக்கிறவர்களுக்கு இவை அடியோடு வேறு வேறு இடங்கள்.

முதலில் போகிற வழி. ஃபொந்தேன்ப்ளோவுக்கு கார் து லியோன் நிலையத்திலிருந்து ஆர் வழித்தட ரயில், சுமார் 40 நிமிடம். எல்லா மண்டலங்களுக்குமான நவிகோ பயண அட்டை வைத்திருப்பவர்களுக்குத் தனிச் செலவில்லை. கொம்பியேன் அடுத்த மாகாணத்தில் இருப்பதால் அந்த அட்டை அங்கே செல்லாது, தனியாகச் சீட்டு வாங்க வேண்டும். ஆனால் ரயில் கார் து நோரிலிருந்து புறப்படுகிறது. லாச்சப்பல் தமிழ்க் கடைகள் நிலையத்தை ஒட்டியே இருப்பதால் மதியச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வண்டி ஏறலாம். நாள் முழுக்க நடக்கப் போகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை, ஏனென்றால் இரண்டு காடுகளிலும் பாதையோரத்தில் சாப்பிட ஏதாவது கிடைப்பது அரிது.

சரி, காட்டுக்குள் போவோம்.

ஃபொந்தேன்ப்ளோ பாறைக் காடு. ஏறக்குறைய 25,000 ஹெக்டேர் பரப்பில் ஓக், பைன் மரங்களுக்கு நடுவே மணற்கற்பாறைகள் குவியல் குவியலாகக் கிடக்கின்றன. 3 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு இங்கே கடல் இருந்தது. அது விட்டுச்சென்ற மணல்தான் இறுகிப் பாறையானது. இன்றைக்கும் பாதையில் கால் புதையும் அளவுக்கு வெள்ளை மணல். சில பாறைகளின் மேற்புறம் யானைத் தோல் போல வெடித்திருக்கும், கையை வைத்துப் பார்த்தால்தான் அந்தச் சொரசொரப்பு புரியும். அந்தப் பிடிமானத்துக்காகவே உலகம் முழுவதிலுமிருந்து பாறை ஏறுபவர்கள், விழுந்தால் தாங்கும் மெத்தையை முதுகில் சுமந்துகொண்டு வருகிறார்கள். மழை பெய்த மறுநாள் ஈரப் பாறையில் ஏறக் கூடாது என்பது அங்கே எல்லோரும் மதிக்கும் கட்டுப்பாடு. கால் வழுக்கும் என்பது மட்டும் காரணமில்லை, நனைந்த மணற்கல் உடைந்துபோகும்.

நடப்பவர்களுக்கு இந்தக் காட்டின் பெரிய சொத்து அதன் நீலக்கோட்டுப் பாதைகள். நெப்போலியனின் படையில் இருந்து காயம்பட்டவர் குளோத் பிரான்சுவா தெனெகூர். ஃபொந்தேன்ப்ளோவில் குடியேறிய அவர், 1842-இலிருந்து காட்டுக்குள் வழி வகுக்கத் தொடங்கினார். பாறைகளுக்கு இடையே நுழைந்து போகும் பாதைகளையும் படிகளையும் சொந்தக் காசைப் போட்டு அமைத்து, மரத்திலும் பாறையிலும் நீல அடையாளம் தீட்டினார். பார்க்க வேண்டிய இடங்களுக்கு எழுத்தும் நட்சத்திரமும் குறித்தார், கையில் வைத்துக்கொண்டு நடக்க வழிகாட்டிப் புத்தகமும் வெளியிட்டார். அடையாளமிட்ட நடைபாதை என்று இன்று நாம் சாதாரணமாகச் சொல்வதற்கு உலகிலேயே முன்னோடிகளில் ஒன்று இது. அவருக்குப் பிறகு கொலினே என்பவர் அந்த வேலையைத் தொடர்ந்தார். ஒரு தனி மனிதரின் பிடிவாதத்தில் பிறந்த பாதைகளில் 180 ஆண்டுகள் கழித்தும் சனங்கள் குடும்பத்தோடு நடக்கிறார்கள் என்பது எனக்கு அரண்மனையைவிடப் பெரிய வரலாறாகத் தெரிகிறது.

காட்டின் மேற்கு ஓரத்தில் பார்பிசோன் கிராமம். தெயோடோர் ரூசோ, மில்லே போன்ற ஓவியர்கள் தங்கி வரைந்த ஊர். பழைய ஓக் மரங்கள் வெட்டப்படுவதையும், அந்த இடத்தில் பைன் நடப்படுவதையும் அந்த ஓவியர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். விளைவாக 1861-இல் அரசாணை மூலம் காட்டின் ஒரு பகுதி அதன் அழகுக்காகவே பாதுகாக்கப்பட்டது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவுக்கு இது 11 ஆண்டுகள் மூத்தது.

அரண்மனை என்று வந்தால் ஃபொந்தேன்ப்ளோவுக்கு ஈடு கொம்பியேனில் இல்லை. 1528-இல் முதலாம் பிரான்சுவா புதுப்பிக்கத் தொடங்கியதிலிருந்து மன்னருக்கு மன்னர் கட்டிச் சேர்த்த இடம். 1981 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. 1814 ஏப்ரல் 20 அன்று, பதவி துறந்த நெப்போலியன் தன் காவல் படையிடம் விடைபெற்ற முற்றமும், அவர் இறங்கி வந்த குதிரைலாட வடிவப் படிக்கட்டும் அப்படியே இருக்கின்றன. குறை என்னவென்றால், அரண்மனை ஒரு பக்கம், நல்ல பாறைப் பாதைகள் வேறு பக்கம். இரண்டையும் ஒரே நாளில் செய்தால் இரண்டுமே அரைகுறையாகத்தான் முடியும்.

கொம்பியேன் இந்த இடத்தில்தான் ஜெயிக்கிறது. அங்கே வரலாறு நடைபாதையிலேயே வரிசையாக வருகிறது.

காடு சுமார் 14,400 ஹெக்டேர். பாறை கிடையாது. ஓக்கும் பீச்சும் உயர்ந்து நிற்கும் நிழல் காடு, தரையும் பெரும்பாலும் சமம். மூட்டு வலி உள்ளவர்களும் தாராளமாக நடக்கலாம். வேட்டைக்காக வெட்டிய நேர்ப்பாதைகள் நட்சத்திரம் போலச் சந்திக்கும் ஒவ்வொரு முனையிலும் வெள்ளை மரத்தூண் நிற்கும். அதில் ஒரு பக்கம் சின்னதாகச் சிவப்புப் பட்டை தீட்டியிருப்பார்கள். அந்தப் பக்கம் நடந்தால் அரண்மனை. மூன்றாம் நெப்போலியனின் மனைவி பேரரசி யூஜெனி ஒருமுறை காட்டில் வழி தவறியதால்தான் இந்த ஏற்பாடு என்று ஊரில் கதை சொல்கிறார்கள். கதை எப்படியோ, போன் பேட்டரி தீர்ந்துபோனால் இந்தச் சிவப்புப் பட்டைதான் கை கொடுக்கும்.

பதினைந்தாம் லூயி 1751-இலிருந்து கட்டுவித்த அரண்மனையின் பூங்காவிலிருந்தே ஒரு பிரம்மாண்டமான புல்வெளி வழி கிளம்புகிறது. போ மோன் வழி என்று பெயர். புதிதாக மணந்துவந்த ஆஸ்திரிய இளவரசி மரீ லூயிஸுக்குப் பிறந்த வீட்டு ஷோன்புருன் அரண்மனை நினைவு வரட்டும் என்று, 1810-இல் நெப்போலியன் காட்டைப் பிளந்து இதை அமைக்கச் சொன்னார். நாலு கிலோமீட்டருக்கு மேல் நேர்கோடாக ஓடி, ஒரு மேட்டில் முடிகிறது. அந்த மேட்டிலிருந்து திரும்பிப் பார்த்தால் கோட்டின் மறுமுனையில் அரண்மனை தெரியும். அங்கிருந்து இறங்கி, வியூ மூலான் கிராமத்தையும் முன்பு துறவிகள் வெட்டிய சேன் பியேர் குளங்களையும் தாண்டினால், காட்டின் தென்கிழக்கு விளிம்பில் பியர்ஃபோன் கோட்டை.

பியர்ஃபோனைப் பார்த்ததும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. உண்மையான இடைக்காலக் கோட்டை 1617-இல் இடிக்கப்பட்டது. இன்று நிற்பதில் பெரும்பகுதி, 1857-இலிருந்து மூன்றாம் நெப்போலியனுக்காகக் கட்டடக் கலைஞர் வியோலே லெ டுக் எழுப்பியது. "போலி" என்று ஒதுக்குவது நியாயமில்லை என்பேன். இடைக்காலத்தைப் பற்றி 19ஆம் நூற்றாண்டு கண்ட கனவைச் சுவரும் கோபுரமும் சிற்பமுமாக இவ்வளவு முழுசாகப் பார்க்க வேறு இடங்கள் குறைவு. காட்டிலிருந்து வெளியே வரும்போது ஊருக்கு மேலே அந்தக் கோபுரங்கள் தெரியும் இடத்தில் கால்வலி மறந்துபோகும்.

கொம்பியேன் காட்டிலேயே இன்னோர் இடம் இருக்கிறது, அதற்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். ரெத்தோந்த் அருகே உள்ள போர்நிறுத்தத் திடல். 1918 நவம்பர் 11 விடியற்காலையில் பிரெஞ்சுத் தளபதி மார்ஷல் ஃபோஷின் ரயில் பெட்டியில் முதல் உலகப் போரை நிறுத்தும் ஒப்பந்தம் கையெழுத்தானது இங்கேதான். ரயில் பீரங்கிகளுக்காகக் காட்டுக்குள் போட்டிருந்த கிளைப் பாதையில் இரு தரப்பு வண்டிகளும் எதிரெதிரே நின்றன. பெட்டி நின்ற இடம் இன்றும் குறிக்கப்பட்டிருக்கிறது. 1940 ஜூனில் ஹிட்லர் அதே பெட்டியை அதே இடத்துக்கு இழுத்துவரச் செய்து, இம்முறை பிரான்ஸைக் கையெழுத்திட வைத்தார். பிறகு பெட்டி பெர்லினுக்குப் போயிற்று, 1945-இல் எரிந்துபோனது. அருங்காட்சியகத்தில் இருப்பது அதே வகையைச் சேர்ந்த வேறு பெட்டி. நினைவுச்சின்னங்களை உடைக்கச் சொன்ன ஹிட்லர் ஃபோஷின் சிலையை மட்டும் விட்டுவைத்தார், வெறும் காட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கட்டும் என்று. சுற்றிலும் மரங்கள் நெருங்கி நிற்கும் அந்த வட்டத்தில் நின்றால், ஒரு போரின் முடிவும் அடுத்த போரின் தோல்வியும் புத்தகத்தில் படித்ததைவிடக் கனமாகத் தெரியும்.

இரண்டு காடுகளுக்கும் பொதுவான எச்சரிக்கைகள் சில. உண்ணி உண்டு, லைம் நோய் பரப்பும் வகை. முழுக்கால் சட்டை போடுங்கள், வீடு திரும்பியதும் உடம்பைப் பாருங்கள். இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் வேட்டை நடக்கும் நாள்களில் பலகை வைத்திருந்தால் அந்தப் பக்கம் போகவே வேண்டாம். இரண்டு அரண்மனைகளும் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். ஃபொந்தேன்ப்ளோவில் மணல் தண்ணீரைத் தேக்காது, காட்டுக்குள் குடிநீரை எதிர்பார்க்காதீர்கள். கோடையில் பாறை மேடுகளில் நிழலும் குறைவு, வெயில் சுடும்.

அப்போ எது? பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு மறுயோசனையே வேண்டாம், ஃபொந்தேன்ப்ளோதான். பாறை இடுக்கில் நுழைந்து ஏறி இறங்கும் பாதையில் எந்தப் பிள்ளையும் "இன்னும் எவ்வளவு தூரம்" என்று கேட்காது. செலவைப் பார்க்கிறவர்களுக்கும் அதுதான். ஆனால் நாள் முழுக்க நடந்து, ஒரு நாட்டின் கதையை அடி அடியாகக் கடந்து வர ஆசைப்படுகிறவர்கள் கொம்பியேனுக்குப் போக வேண்டும். என்னை ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் கொம்பியேன் பக்கம்தான்.

அங்கே போவதானால் ஒரு யோசனை. பியர்ஃபோனுக்கு இப்போது ரயில் இல்லை, பேருந்தும் கொஞ்சம்தான், ஞாயிற்றுக்கிழமை இன்னும் குறைவு. அதனால் நடையைத் தலைகீழாக வைத்துக்கொள்ளுங்கள். நேரத்தைப் பார்த்து, கொம்பியேன் நிலையத்திலிருந்து காலைப் பேருந்தில் பியர்ஃபோன் போய்விடுங்கள். கோட்டையை முதலில் பார்த்துவிட்டு, குளங்கள், வியூ மூலான், போ மோன் என்று காடு வழியாகக் கொம்பியேனுக்கு நடந்து வாருங்கள். சாலை வழியே 14 கிலோமீட்டர், இப்படிச் சுற்றி வந்தால் இன்னும் கூடும். கடைசிப் பேருந்து போய்விடுமோ என்ற பதற்றம் இருக்காது, பாரிஸுக்குத் திரும்ப மாலையிலும் ரயில் உண்டு.