சத்தம் வந்தது, செலவு 200 ரூபாய்

புது மானிட்டரை எச்டிஎம்ஐ கேபிளில் (படத்தோடு சத்தத்தையும் கொண்டுபோகும் கேபிள்) மாட்டிய நாளிலிருந்து டெஸ்க்டாப்பில் சத்தமே இல்லை. முதலில் கேட்ட கடையில் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் சவுண்டு கார்டு போய்விட்டது, 1,800 ரூபாய் ஆகும் என்றார்கள். அப்புறம் கும்பகோணம் மகாமகக் குளத்துப் பக்கம் சந்துக்குள் இருக்கும் சின்னக் கடைக்குச் சொன்னேன், போனை எடுக்கவே சாயங்காலம் ஆகிவிட்டது, அது ஒன்றுதான் குறை. வீட்டுக்கு வந்த கடைத் தம்பி "மானிட்டர் மாத்துனீங்களா சார்?" என்று கேட்டுவிட்டு, கடிகாரத்துக்குப் பக்கத்திலிருக்கும் ஸ்பீக்கர் படத்தை அழுத்திக் காட்டினார்: விண்டோஸ் சத்தத்தையெல்லாம் ஸ்பீக்கரே இல்லாத மானிட்டருக்கு அனுப்பிக்கொண்டிருந்தது! ரியல்டெக்குக்கு (கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கும் சவுண்டு சிப்) மாற்றியும் சத்தம் வரவில்லை. பெட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தால், பச்சைத் துளையில் இருக்க வேண்டிய ஸ்பீக்கர் பின்னை மைக்குக்கான ரோஸ் துளையில் செருகி வைத்திருக்கிறேன் (என் வேலைதான்). மாற்றிச் செருகியதும் தவில் சத்தத்தில் ஜன்னல் கம்பி அதிர்ந்தது. 200 ரூபாய், ஒரு டிகிரி காபி.