1,48,000 ரூபாய் போச்சு: கார் இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கப் போகிறவர்கள் படியுங்கள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் யாராவது கார் இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கப் போகிறீர்கள் என்றால், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். நேற்றுதான் ஒர்க்‌ஷாப்பில் 1,48,000 ரூபாய் கட்டி வண்டியை எடுத்து வந்தேன். வயிறு எரிகிறது.

பாலிசி எடுத்தது, பல கம்பெனிகளின் பாலிசியையும் ஒப்பிட்டு எடுத்துத் தருகிற ஓர் அலுவலகத்தில். பெயர் போடவில்லை. அங்கிருந்த தம்பி என் பழைய பாலிசியைப் புரட்டிப் பார்த்து, "அண்ணே, உங்களுக்கு நோ க்ளெய்ம் போனஸ் 35 சதவீதம் வரும், அதை விட்டுராதீங்க" என்று, க்ளெய்ம் பண்ணாத வருடங்களுக்கான அந்தத் தள்ளுபடியை நான் கேட்காமலே கழித்துக் கொடுத்தான். நம் காசை மிச்சப்படுத்துகிறவன் ஏமாற்ற மாட்டான் என்று யாருக்கும் தோன்றத்தானே செய்யும்? இருந்தும் நான் நேராகவே கேட்டேன்: "நம்ம ஜில்லாவுக்கு ரெண்டு பருவமழையும் உண்டும்லா, வண்டி தண்ணியில மாட்டினா கிடைக்குமா?" அவன் சொன்னது இது: "வெள்ளம் எல்லாம் கவர்ல உண்டுண்ணே. பம்பர் டு பம்பர் போட்டிருக்கேன். உங்க கையில இருந்து எதுவும் போகாது."

அப்புறம் மழை வந்தது. சுசீந்திரம் பக்கம் ரோட்டில் நின்ற தண்ணீரில் வண்டி அணைந்துவிட்டது. நான் மறுபடி ஸ்டார்ட் பண்ணவே இல்லை. கயிறு கட்டித்தான் இழுத்துக்கொண்டு போனோம். ஒர்க்‌ஷாப்பில் ஏர் ஃபில்டரைக் கழற்றியபோது தண்ணீர் சொட்டியது. இன்ஜினைப் பிரித்த மெக்கானிக் வளைந்துபோன கனெக்டிங் ராடை என் கையிலேயே தந்தார்.

சேதத்தை மதிப்பிட இன்ஷூரன்ஸ் சர்வேயர் வந்து பார்த்தார். சீட், கார்பெட் சுத்தம் செய்ய மட்டும் பணம் உண்டாம். இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்து வந்த சேதம் நேரடிச் சேதம் இல்லையாம், 'தொடர் விளைவு' கணக்காம், அதற்குத் தனியாக 'இன்ஜின் ப்ரொடெக்ட்' எடுத்திருக்க வேண்டுமாம். பம்பர் டு பம்பர் என்று அவன் விற்ற ஜீரோ டெப் செய்கிற வேலை வேறு. சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குத் தேய்மானம் என்று பாதியைப் பிடிப்பார்கள். ஜீரோ டெப் இருந்தால் அந்தப் பிடித்தம் இருக்காது, அவ்வளவுதான். இன்ஜினுக்கு அது உதவாது. இது விற்றவனுக்குத் தெரியாதா? தண்ணீரைப் பற்றி நான் கேட்ட அந்த நேரத்தில் இதைச் சொல்லியிருந்தால் என் வண்டிக்கு ஆயிரத்துச் சொச்சம் கூடுதலாகக் கட்டியிருப்பேன். 1,48,000 தப்பியிருக்கும்.

போன் போட்டால் "சர்வேயர் எழுதினதுதாண்ணே, நம்ம கையில இல்ல" என்றான். நேரில் போனால் "மேனேஜர் சென்னை போயிருக்காரு." இன்ஷூரன்ஸ் கம்பெனியின் கஸ்டமர் கேரில், "வாய்வழியாகச் சொன்னதற்கு நாங்கள் பொறுப்பல்ல சார், பாலிசியில் என்ன இருக்கிறதோ அதுதான்" என்று பாடம் ஒப்பிக்கிறார்கள். அந்தப் பாலிசியின் முதல் பக்கத்தை மட்டும்தான் அந்தத் தம்பி வாட்ஸப்பில் அனுப்பியிருந்தான்! முழுப் பாலிசியும் சண்டை போட்ட பிறகுதான் கைக்கு வந்தது. இப்போது என் மெசேஜில் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை.

விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இருக்கிற ஆத்திரத்தில் முடியவில்லை. இதையாவது செய்யுங்கள். பணம் கட்டும் முன் எந்தெந்த ஆட் ஆன் (கூடுதல் கவர்) சேர்த்திருக்கிறார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். பிரீமியம் பிரித்துக் காட்டும் பக்கத்தில் 'இன்ஜின் ப்ரொடெக்ட்' என்ற வரியும் அதற்கு நேராகத் தொகையும் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அந்த கவர் உங்களுக்கு இல்லை. ஐடிவியை, அதாவது வண்டிக்குப் போடும் காப்பீட்டு மதிப்பை, குறைத்து பிரீமியம் குறைவு என்று காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வண்டி தண்ணீரில் அணைந்தால் யார் சொன்னாலும் மறுபடி ஸ்டார்ட் பண்ண சாவியைத் திருப்பாதீர்கள்.

என்னைப் போல் மாட்டியவர்கள் முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால், வந்த பதில் சரியில்லை என்றாலும், சென்னையில் உள்ள இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் (இன்ஷூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்ப்பவர்) போகலாம், கட்டணம் கிடையாது. இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் 155255 எண்ணிலும் புகார் பதியலாம். நான் குறைதீர் அதிகாரிக்கு இன்று காலை மெயில் அனுப்பிவிட்டேன். 1,48,000 ரூபாயை விடுவதாக இல்லை.