தேவனாம்பட்டினம் சில்வர் பீச்: மத்தியானக் காற்றுக்கு நாலு ஸ்டார், காலைக் காற்றுக்கு ஒன்றுகூட கிடையாது

கடலூரில் கைட்போர்டிங் (பெரிய பட்டம் இழுக்க, காலில் பலகையோடு தண்ணீர்மேல் சறுக்கும் விளையாட்டு) செய்யலாமா என்று கேட்டால், செய்யலாம், வேறு எங்காவது ஒழுங்காகக் கற்றுக்கொண்டு வந்தவராக இருந்தால். ஆரம்பக்காரர்களுக்கான இடம் இல்லை இது.

ஏப்ரல், மேதான் நல்ல சமயம். உச்சி வெயிலுக்கு எழும்பும் கடற்காற்று மூன்று மணிக்கெல்லாம் தென்கிழக்கிலிருந்து சீராகப் பிடித்துவிடும். கடலைப் பார்த்து நின்றால் வலது கன்னத்தில் படும், அதனால் ஏதாவது கோளாறு ஆனாலும் கரைக்கே தள்ளிக்கொண்டு வந்துவிடும். காற்று 15 நாட் (மணிக்குச் சுமார் 28 கி.மீ.) வந்துவிட்டால் 12 சதுர மீட்டர் கைட் என் எடைக்குத் தாராளம். ஆனால் வடக்கே ஒதுங்கிக்கொண்டே போய்த் தாழங்குடா பக்கம் பெண்ணையாற்று முகத்துவாரத்தில் மாட்டாதீர்கள், அங்கே ஆற்று நீரும் அலையும் மோதிக்கொள்ளும்.

ஜூன், ஜூலையில் காலையில் கச்சான். நிலத்திலிருந்து கடலுக்கு அடிக்கிற காற்று. தண்ணீர் தட்டையாகக் கிடந்து ஆசை காட்டும், அதுதான் வினை. மரம், கட்டடம் தாண்டி வருவதால் கரையோரம் விட்டுவிட்டு அடிக்கும், கொஞ்சம் உள்ளே போனதும் முழுப் பலத்தோடு இழுக்கும், அங்கே கைட் விழுந்தால் நீங்கள் போவது அந்தமான் திசையில். கச்சான் பலமாக இருக்கும் நாளில் கடற்காற்று தாமதமாகத்தான் வரும், சில நாள் வரவே வராது. வரும்போதும் ஜாக்கிரதை: முதலில் காற்று செத்துப்போய்க் கயிறெல்லாம் தொய்ந்துவிடும், அப்புறம் எதிர்ப்பக்கத்திலிருந்து எழும்பும். காற்று நிலவரம் சொல்லும் செயலியில் இது சரியாகத் தெரியாது. கரையில் வலை பிரிக்கும் அண்ணன் ஒருவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "தம்பி, கச்சான் இன்னைக்கு விடாது" என்றால் கைட்டைப் பையிலேயே வையுங்கள். சாயங்காலம் மேற்கே கறுத்துக் காற்று திடீரென்று சில்லிட்டாலும் உடனே இறக்கிவிடுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம்தானே, கடல் காலியாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். தடை விசைப்படகுக்கு. ஃபைபர் படகும் வலையும் எப்போதும் உண்டு, நங்கூரக் கயிறு தண்ணீருக்குள் கண்ணுக்கே தெரியாது.

ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று பலமாகவே இருக்கும், ஆனால் கரையிலேயே அலை உடைந்து போர்டோடு புரட்டிப் போடும். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டால் பேச்சே இல்லை.

ஞாயிற்றுக்கிழமையும் மாசி மகமும் வேண்டவே வேண்டாம். இருபது மீட்டருக்கு மேல் நீளமான கயிறு இழுவிசையோடு குழந்தைகள் நடுவே போனால் கத்திதான். வார நாளில் கூட்டத்தைத் தாண்டித் தள்ளிப் போய் ஏற்றுங்கள், இறக்கும்போது பிடிக்கத் தெரிந்த ஒரு ஆள் கூட இருக்கட்டும். பஜ்ஜி வாங்கித் தருவதாகச் சொன்னால் என் நண்பன் வந்துவிடுவான்.