அம்மாவின் இரண்டு முழங்கால்கள்: பிசியோதெரபிக்குக் காத்திருந்ததும் காசு கொடுத்ததும்

அம்மாவுக்கு 66 வயது. தென்காசி மாவட்டத்தில் எங்கள் பக்கத்துப் பெண்கள் பலரையும் போல, 40 ஆண்டுக்கு மேல் தரையில் சம்மணமிட்டு, மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றியவர். இரண்டு முழங்காலும் தேய்ந்து, கடைசியில் வாசல்படி ஏறுவதற்கே என் தோளைப் பிடிக்க வேண்டியதாயிற்று. 2024 பிப்ரவரியில் வலது காலுக்கும், 2025 மார்ச்சில் இடது காலுக்கும் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. இரண்டுமே அரசு மருத்துவமனையில், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ். அறுவை சிகிச்சைக்கென்று நாங்கள் ஒரு ரூபாய்கூடக் கட்டவில்லை. மருத்துவர்களும் செவிலியர்களும் பார்த்துக்கொண்ட விதத்தை இன்றைக்கும் நன்றியோடு நினைக்கிறேன்.

நான் எழுத வந்தது வீட்டுக்கு வந்த பிறகு நடந்ததைப் பற்றி. மூட்டு மாற்றிக்கொண்டவர்கள் வீட்டில் எல்லாருக்கும் வரும் கேள்வி இது: அரசு மருத்துவமனையில் பிசியோதெரபிக்கு முறை வரும்வரை காத்திருப்பதா, தனியாரைக் கூப்பிடுவதா? எங்கள் வீட்டில் ஒரே ஆளின் இரண்டு கால்களில் இரண்டு விதமாகச் செய்து பார்த்துவிட்டோம்.

முதல் தடவை, அறுவை சிகிச்சைக்கு மறுநாளே வாக்கரைப் பிடித்து நடக்க வைத்தார்கள். ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். 14ஆம் நாள், தையலுக்குப் பதிலாகப் போட்டிருந்த கிளிப்பை எடுக்கப் போனபோது முழங்கால் 65 டிகிரி மடங்கியது (காலை நேராக நீட்டினால் 0 என்று கணக்கு). "இந்நேரம் 90 தொட்டிருக்க வேண்டும். உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே தினமும் பிசியோதெரபி பாருங்கள்" என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள்.

பக்கத்து அரசு மருத்துவமனைக்கு ஆட்டோவில் போனோம், போக வர 250 ரூபாய். பிசியோதெரபிஸ்ட் வாரத்தில் இரண்டு நாள்தான் வருவாராம். அன்றைக்கு அவர் பயிற்சிக்குப் போயிருந்தார். அடுத்த திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். திங்கட்கிழமை போனால் கூட்டம். இருவருக்குப் பிறகு அம்மாவின் முறை வரும் என்ற நேரத்தில் மணி ஒன்றாகிவிட்டது, அடுத்த முறை சீக்கிரம் வாருங்கள் என்றார்கள். அங்கே யார் மேலும் எனக்குக் கோபமில்லை. ஓர் ஆள் எத்தனை பேரைப் பார்ப்பார்? ஆனால் அந்த 12 நாட்களில் அம்மா வீட்டில் என்ன செய்தார் என்பதை நினைத்தால் இப்போதும் மனம் கனக்கிறது. வலிக்கிறதே என்று முழங்காலுக்கு அடியில் தலையணையை வைத்துப் படுத்திருந்தார். செய்யவே கூடாதது அது. கால் நீட்டுவதையும் மறந்துவிடும், மடக்குவதையும் மறந்துவிடும். எங்களுக்கு அது தெரியாது.

புண் ஆறும்போது மூட்டுக்குள்ளே தழும்புத் திசு வளர்கிறது. முதல் சில வாரங்களில் அது இளசாக இருக்கும், அசைத்தால் வழிவிடும். அசைக்காமல் விட்டால் இறுகிப்போகும். பிறகு எவ்வளவு முயன்றாலும் அந்த இழப்பை முழுதாக ஈடுகட்ட முடிவதில்லை. இதை எனக்குப் புரிய வைத்தவர் பின்னால் வந்த பிசியோதெரபிஸ்ட். அறுவை சிகிச்சைக்கு முன்னாலேயே யாராவது சொல்லியிருந்தால் அந்த 12 நாளை வீணாக்கியிருக்க மாட்டேன்.

28ஆம் நாள் பயந்துபோய் ஒரு தனியார் சிகிச்சை மையத்துக்கு அழைத்துப் போனேன். அளந்து பார்த்தார்கள்: 58 டிகிரி. கிளிப் எடுத்த நாளில் இருந்ததைவிடக் குறைவு. பத்து முறைக்கு 3,000 ரூபாய் முன்பணம் கட்டினேன். காலில் பட்டைகளை ஒட்டி, கரண்ட் வைத்து, 20 நிமிடம் படுக்க வைத்தார்கள். சுகமாக இருக்கிறது என்றார் அம்மா. சுகமாக இருந்ததே தவிர, கால் மடங்கவில்லை. பக்கத்துக் கட்டில்களில் இன்னும் மூன்று பேர் அப்படியே படுத்திருந்தார்கள். முழங்காலைக் கையால் பிடித்து மடக்கிப் பார்த்தது ஆறு நாட்களில் இரண்டே முறை. மீதி நான்கு நாளை விட்டுவிட்டோம், பணம் திரும்ப வரவில்லை.

அதனால் தனியார் என்றாலே நல்லது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வீட்டுக்கு வந்து பார்ப்பவர் ஒருவரை உறவுக்காரர் சொன்னார். ஒரு முறைக்கு 400 ரூபாய். பிசியோதெரபியில் பட்டம் படித்தவரா என்று முதலில் கேட்டுக்கொண்டேன்; எங்கள் பக்கத்தில் எண்ணெய் தடவி நீவிவிடுகிறவர்களும் இதே பெயரில் வருவதுண்டு. அவர் கையில் கோணம் அளக்கும் கருவி தவிர வேறெதுவும் இல்லை. அம்மாவைத் திண்ணை விளிம்பில் உட்கார வைத்தார். நல்ல காலை அறுவை சிகிச்சை செய்த காலின் முன்பக்கம் குறுக்கே போட்டு, அதைக்கொண்டே மெதுவாகப் பின்னுக்குத் தள்ளச் சொன்னார். பத்து எண்ணும்வரை அப்படியே நிறுத்த வேண்டும். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு, "போதும் தம்பி, போதும்" என்று சொல்லச் சொல்ல, "இன்னும் மூன்றுதான் அம்மா" என்று எண்ணிக்கொண்டே இருந்தார். பிறகு குதிகாலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து முழங்காலைக் கீழே அழுத்தும் பயிற்சி. முடிந்ததும் 15 நிமிடம் ஐஸ். நாளுக்கு நான்கு முறை நானே செய்ய வைக்க வேண்டும் என்று எனக்கும் கற்றுக்கொடுத்தார். அவர் இருந்தது முக்கால் மணி நேரம். மீதி வேலை எங்களுடையது.

அவர் வந்தது 26 முறை, செலவு 10,400 ரூபாய். மூன்றாம் மாத முடிவுக்குள் போதுமான அளவு மடங்காவிட்டால் மயக்கம் கொடுத்து மடக்கிவிட வேண்டியிருக்கும் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். 98 டிகிரிக்கு வந்து அதிலிருந்து தப்பினோம். ஆட்டோ, மையம், வீட்டுக்கு வந்தவர் எல்லாம் சேர்த்து 13,900 ரூபாய் ஆயிற்று. அம்மா பீடி சுற்றிச் சேர்த்த காசு அது.

இனி, நான் அதிகம் வருந்தும் இடம். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தை 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கினார்கள். அந்தத் திட்டத்தின் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் எங்கள் தெருவுக்கு வருகிறவர்தான். அம்மாவுக்கு ரத்த அழுத்த மாத்திரை கொடுப்பதே அவர்தான். இதே திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்கிறார்கள் என்பதை நாங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. அறுவை சிகிச்சை செய்த காலோடு அம்மா உள்ளே படுத்திருக்க, நான் வாசலில் நின்று அவரிடம் மாத்திரையை வாங்கிக்கொண்டு அனுப்பியிருக்கிறேன். மூன்றாம் மாதம்தான் பேச்சுவாக்கில் சொன்னேன். உடனே பெயரை எழுதிக்கொண்டார். பிசியோதெரபிஸ்ட்டும் செவிலியரும் வண்டியில் வந்தார்கள். அந்தப் பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த பயிற்சிகளும் 400 ரூபாய்க்காரர் சொன்னவையும் ஏறத்தாழ ஒன்றுதான். புதிதாகச் சேர்த்தது படி ஏறுவது. வீட்டில் கிடந்த மணைப்பலகையைச் சுவரோரம் போட்டு, ஏறி இறங்க வைத்தார். கைத்தடியை வலது கையில் பிடித்திருந்த அம்மாவுக்கு, வலியுள்ள காலுக்கு எதிர்ப்பக்கக் கையில்தான் பிடிக்க வேண்டும் என்று மாற்றிக்கொடுத்ததும் அவரே. ஒன்றியம் முழுதும் சுற்றுகிறவர் என்பதால் எங்கள் வீட்டுக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வந்தார். அந்தக் கட்டத்துக்கு அது போதுமானதாக இருந்தது. முதல் மாதத்துக்குப் போதாது.

இடது காலுக்கு நாள் குறித்ததும் இதையெல்லாம் மனதில் வைத்துத் திட்டமிட்டேன். அறுவை சிகிச்சைக்கு முன்பே தன்னார்வலரிடம் பெயர் கொடுத்தேன். தொடைத் தசைக்கான பயிற்சியை மூன்று வாரம் முன்னதாகவே தொடங்கினோம். மருத்துவமனையிலிருந்து கிளம்பும் முன், அங்கிருந்த பிசியோதெரபிஸ்ட் செய்து காட்டியதை அவரிடம் கேட்டுக்கொண்டு போனில் படம் பிடித்தேன். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளே அதே தனியார் பிசியோதெரபிஸ்ட்டைக் கூப்பிட்டேன். கட்டணம் 450 ரூபாய் ஆகியிருந்தது. "பத்து முறைதான் முடியும், அதற்குள் எங்களுக்குக் கற்றுக்கொடுத்துவிடுங்கள்" என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். மொத்தம் 4,500 ரூபாய். தலையணையைப் பரணில் ஏற்றிவிட்டேன். 14ஆம் நாள் கிளிப் எடுக்கும்போது 88 டிகிரி. ஆறாம் வாரம் 112. அதற்குப் பிறகு அரசுப் பிசியோதெரபிஸ்ட்டின் வருகை மட்டுமே.

கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இது: கையில் கொஞ்சம்தான் காசு இருக்கிறதென்றால், அதை முதல் மூன்று வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கருவிக்குக் கொடுக்காதீர்கள், கையால் மடக்கி, அளந்து சொல்லி, வீட்டு ஆளுக்கும் கற்றுக்கொடுக்கிறவருக்குக் கொடுங்கள். கையில் எதுவுமே இல்லையென்றாலும் மருத்துவமனையில் இருக்கும்போதே பயிற்சிகளைக் கற்றுக்கொண்டு, முறை வரும்வரை வீட்டில் செய்துகொண்டே இருங்கள். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, தையலில் நீர் கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு அன்றைக்கே மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

முதல் அறுவை சிகிச்சை முடிந்து ஏறத்தாழ இரண்டு ஆண்டு ஆகிறது. வலது முழங்கால் 106 டிகிரியில் நின்றுவிட்டது, இடது 120 மடங்குகிறது. அம்மா இப்போது நாற்காலியில் உட்கார்ந்து, முன்னால் ஒரு முக்காலியில் சுளகை வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிறார். வெள்ளிக்கிழமைகளில் தனியாகவே கட்டணமில்லாப் பேருந்தில் கோயிலுக்குப் போய்வருகிறார். அந்தப் பஸ்ஸின் முதல் படி நல்ல உயரம். கம்பியைப் பிடித்துக்கொண்டு அம்மா முதலில் தூக்கி வைப்பது இடது காலைத்தான்.