பற்றரியை ஹைவேயில் தீர்ப்பதா, ஊருக்குள் மிச்சம் வைப்பதா?

பிளக்-இன் ஹைபிரிட், அதாவது செருகிச் சார்ஜ் செய்யும் பற்றரியும் பெற்றோல் எஞ்சினும் சேர்ந்த கார், வாங்கிய முதல் மாதம் நான் எந்தப் பட்டனையும் தொடவில்லை. என்னுடையது மிட்சுபிசி அவுட்லாண்டர், 12 கிலோவாட்-மணி பற்றரியும் 2.0 லீற்றர் பெற்றோல் எஞ்சினும் உள்ள பழைய மொடல். ஈவி (மின்சாரத்தில் மட்டும் ஓட), சேவ் (பற்றரியைக் குறையவிடாமல் எஞ்சினை வைத்து ஓட), சார்ஜ் (எஞ்சினால் பற்றரியை நிரப்ப) என்று மூன்று பட்டன்கள் இருக்கின்றன. எதையும் அழுத்தாவிட்டால் நோர்மல். எல்லாவற்றையும் கார் தானே பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிட்டேன். இரண்டு வருடம் ஓட்டிப் பார்த்தபின் என் கட்சி சேவ் மோட்தான்.

தினசரி ஓட்டத்தில் பெரிதாக யோசிக்க ஒன்றுமில்லை. வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு வேலைக்குப் போய்த் திரும்ப இருபது கிலோமீற்றருக்குள்தான் வரும். காலி வீதி நெரிசலில் ஏசி போட்டபடி ஒரு முழு சார்ஜ் எனக்கு 28 கிலோமீற்றர் அளவில் ஓடும். ஈவியைப் போட்டுவிட்டுப் போகலாம். நோர்மலிலும் கிட்டத்தட்ட அதே கதைதான். எக்ஸிலேட்டரைக் கொஞ்சம் பலமாக மிதித்தால் எஞ்சின் எழும்பிவிடும், அவ்வளவுதான் வித்தியாசம்.

சேவா நோர்மலா என்ற கேள்வி கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போகும் நாளில்தான் வரும். கனடாவிலிருந்து சித்தப்பா குடும்பம் வந்தபோது முழு சார்ஜோடு நோர்மலில் கிளம்பினேன். ஊருக்குள் பன்னிரண்டு கிலோமீற்றர், பேலியகொடையில் ஏறினால் 25.8 கிலோமீற்றர் அதிவேக நெடுஞ்சாலை. அந்தச் சாலையிலும் மோட்டாரே இழுத்தது, விமான நிலையத்துக்கு வெகு முன்னரே பற்றரி தீர்ந்துவிட்டது. திரும்பும்போது ஹைவேயில் எஞ்சின் ஓடியதில் எனக்குக் குறை இல்லை. பேலியகொடையில் இறங்கி தெமட்டகொடை, பொரளை, நாரஹேன்பிட்டி என்று பேஸ்லைன் வீதியில் ஊர்ந்தபோதுதான் பெற்றோல் கணக்கைப் பார்த்து மனம் வலித்தது. காரில் நான்கு பெட்டிகள் வேறு. நின்று நின்று போன அந்தப் பன்னிரண்டு கிலோமீற்றர் முழுவதும் எஞ்சின் விட்டுவிட்டு இரைந்துகொண்டே வந்தது.

இதற்குக் காரணம் இந்தக் கார் செய்யப்பட்டிருக்கும் விதம். மெதுவாக ஓடும்போது எஞ்சின் சக்கரத்தைச் சுழற்றாது. ஜெனரேட்டரைச் சுழற்றும், அதில் வரும் மின்சாரம் மோட்டாருக்குப் போகும். கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் சக்தி சிந்துகிறது. மணிக்கு ஏறத்தாழ 65, 70 கிலோமீற்றரைத் தாண்டிச் சீராக ஓடும்போதுதான் கிளச் பிடித்து எஞ்சின் நேராக முன்சக்கரங்களை ஓட்டும். எஞ்சின் தன் வேலையைத் திறமாகச் செய்வது அந்த ஓட்டத்தில்தான். மோட்டாரோ இதற்கு நேர்மாறு. வேகம் கூடக் கூடக் காற்றின் தடை ஏறி பற்றரியைக் குடிக்கும். நெரிசலில் கார் நிற்கும்போது ஏசிக்கு மட்டும்தான் மின்சாரம் வேண்டும், பிரேக் பிடிக்கும்போது கொஞ்சம் திரும்பியும் வரும். ஆகவே பெற்றோலை ஹைவேக்கும் பற்றரியை ஊருக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டும். நோர்மல் மோட் இதைச் செய்யாது. முன்னால் என்ன பாதை வருகிறது என்று அதற்குத் தெரியாது, இருக்கும் வரை பற்றரியையே எடுக்கும்.

அடுத்த தடவை பேலியகொடையில் ஏறியவுடனேயே சேவ் பட்டனை அழுத்தினேன். அதுவும் சரியில்லை. வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது பற்றரியில் மிச்சம் இருந்தது. ஞாயிறு என்பதால் வீதி வெறுமையாக இருந்தது. அந்த மிச்சத்துக்குப் பதிலாக ஹைவேயில் வீணாகப் பெற்றோல் எரித்திருக்கிறேன். வீட்டில் செருகினால் நிரம்பிவிடும் பற்றரியைச் சேமித்து வந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. இப்போது ஏறியபின்னும் சில கிலோமீற்றர் அப்படியே ஓடவிட்டு, பற்றரி பாதிக்கு வந்ததும் சேவ் பட்டனை அழுத்துகிறேன். திரும்பி வந்து இறங்கியதும் ஈவி. கிருலப்பனை தாண்டி வீட்டுக் கேற்றுக்கு வரும்போது பற்றரி அநேகமாகத் தீர்ந்திருக்கும். வேலை நாள் மாலை ஐந்து மணிக்குத் திரும்புவதென்றால் பாதிக்குச் சற்று மேலேயே நிறுத்துவது நல்லது. ஒரு விமான நிலையப் பயணத்தில் எனக்கு அரை லீற்றருக்கு மேல் மிஞ்சுகிறது. 2022 ஜூலையில் எரிபொருள் தட்டுப்பாட்டில் க்யூஆர் முறை வந்து காருக்கு வாரம் 20 லீற்றர் என்றிருந்த காலத்தை மறக்காதவர்களுக்கு அரை லீற்றரும் கணக்குத்தான்.

சார்ஜ் மோட் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு லீற்றர் பெற்றோலில் ஏறத்தாழ 9 யூனிட் சக்தி இருக்கிறது. அதை எரித்து, மின்சாரமாக்கி, பற்றரியில் போட்டு, மறுபடி எடுத்துச் சக்கரத்துக்குக் கொண்டுவரும்போது மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. வீட்டில் செருக வசதி இருப்பவருக்கு இது தேவையில்லை. அடுக்குமாடியில் கீழே பிளக் கிடைக்காமல் இதையே நம்பி ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள். அப்படியென்றால் சாதாரண ஹைபிரிட்டே நல்லது என்பேன்.

மலைநாட்டுக்கு இந்தக் காரில் இரண்டு தடவைதான் போயிருக்கிறேன், அதனால் அழுத்திச் சொல்ல மாட்டேன். முதல் தடவை பற்றரி தீர்ந்த நிலையில் கடுகண்ணாவ ஏற்றத்தில் ஏறியபோது எஞ்சின் அலறிய அலறலில் அம்மா பயந்தேவிட்டார். இரண்டாம் தடவை சமவெளியிலேயே சேவ் போட்டுப் பாதிப் பற்றரியோடு ஏறினேன், சத்தமில்லாமல் ஏறியது. நுவரெலியாவிலிருந்து றம்பொடைப் பக்கமாக இறங்கும்போது பி5 (மோட்டாரே காரை மிகப் பலமாக இழுத்துப் பிடிக்கும் நிலை) போட்டால் பிரேக்கை அதிகம் தொடவே தேவையில்லை, பற்றரியும் ஏறும். ஹோட்டலில் முழுதாகச் சார்ஜ் செய்துவிட்டு இறங்காதீர்கள். நிரம்பிய பற்றரியில் அந்த மின்சாரம் போக இடமிருக்காது.

டொயோட்டா பிரியஸ் பிளக்-இன் வைத்திருப்பவர்களுக்கு சேவ் என்று தனியாகப் பட்டன் இல்லை. பேலியகொடையில் ஏறி ஈவியிலிருந்து எச்விக்கு, அதாவது ஹைபிரிட் ஓட்டத்துக்கு, மாற்றினால் அதே வேலையைச் செய்யும்.